ஒற்றைக் கேபிள், இரண்டு வலையமைப்புகள்: வீலானா, இரண்டாவது ரவுட்டரா?

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டின் மேல்மாடியை வாடகைக்குக் கொடுத்தபோது இணைய வசதியையும் சேர்த்தே தருவதாக ஒப்புக்கொண்டோம். கீழே என் வேலைக் கணினியும் கமராக்களின் பதிவுக் கருவியும் இருப்பதால், இரு வீட்டாரின் வலையமைப்புகளையும் பிரித்து வைக்க வேண்டியிருந்தது. இரண்டாவது ரவுட்டர் வைப்பது, ஒரே கேபிளிலேயே வலையமைப்புகளைத் தனித்தனியாகப் பிரித்து அமைக்கும் வீலான் (VLAN) முறை என்ற இரண்டு வழிகளையும் செய்து பார்த்த பின் வீலானையே வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது ரவுட்டரை மேலே வைத்து, அதன் வான் (WAN) துளையில், அதாவது இணையம் வந்து சேரும் துளையில், கீழிருந்து வரும் கேபிளைச் செருகினால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், செலவும் குறைவு. இரண்டு ரவுட்டர்களும் 192.168.1 என்ற ஒரே முகவரித் தொடரில் இருக்கக் கூடாது என்பது ஒன்றே கவனிக்க வேண்டியது. ஆனால் மேலே என் மடிக்கணினியை இணைத்துப் பதிவுக் கருவியின் முகவரியைத் தட்டியவுடன், அதன் கடவுச்சொல் கேட்கும் பக்கம் அப்படியே திறந்தது. அந்த ரவுட்டருக்கு எங்கள் வீட்டு வலையமைப்பு என்பது இணையத்துக்குப் போகும் வழியில் உள்ள ஒரு பகுதி மட்டுமே. வெளியிலிருந்து உள்ளே வருவதைத் தடுக்கும் அது, உள்ளிருந்து வெளியே போவதைத் தடுப்பதில்லை.

ஆகவே ஒழுங்கை மாற்றி, நாங்கள் இரண்டாவது ரவுட்டருக்குப் பின்னாலும் வாடகைக்கு இருப்பவர்கள் முதல் ரவுட்டரிலுமாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இது கேபிளில் வந்து முட்டியது. கொங்கிரீட் தளத்துக்குள் பதித்த குழாய் வழியாக மேலே போவது ஒரே ஒரு கேபிள். இன்னொன்றை இழுக்க முயன்றபோது வளைவில் சிக்கிக்கொண்டது. வெளிச்சுவர் வழியே கொண்டுபோகலாம் என்றால், கடற்காற்றில் ஆணிகளும் கிளிப்புகளும் துருப்பிடிக்கும். மேல்மாடி பல்கனியில் உள்ள கமராவோ எங்களுடையது. இருக்கும் கேபிளை மேல்வீட்டாருக்குக் கொடுத்துவிட்டால் அந்தக் கமராவும் அவர்களுடைய வலையமைப்பில்தான் போய் விழும்.

வீலான் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. 802.1கியூ தரத்தின்படி ஒவ்வொரு தரவுச் சட்டகத்திலும் 4 பைட் அளவுள்ள ஓர் அடையாளம் செருகப்படுவதால், இரு வலையமைப்புகளின் போக்குவரத்தும் ஒரே கேபிளில் கலக்காமல் செல்கின்றன. எங்களுக்கு 10, மேல்வீட்டாருக்கு 20 என எண்கள் வைத்தேன். கீழும் மேலும், அமைப்புகளை மாற்றக்கூடிய சுவிட்ச் (பல கருவிகளின் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) ஒவ்வொன்று. அவற்றை இணைக்கும் துளைகளில் இரண்டு எண்களும் அடையாளத்துடன் போகின்றன. மேல் சுவிட்சில் 2ஆம் துளை அவர்களுடைய வைஃபை பெட்டிக்கு, 3ஆம் துளை எங்கள் கமராவுக்கு.

சிரமமும் இங்கேதான். 2ஆம் துளையை 20இல் சேர்த்த பிறகும் வைஃபை பெட்டிக்கு முகவரி கிடைக்கவில்லை. உறுப்பினர் பட்டியலை மாற்றிய நான், பீவிஐடி என்ற தனி அமைப்பை 1 என்றே விட்டிருந்தேன்; அடையாளமின்றி உள்ளே வரும் தரவு எந்த வீலானுக்கு உரியது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. வீலான் அறிந்த ரவுட்டர் ஒன்றும் தேவை. இணைய நிறுவனம் தரும் பெட்டியில் பெரும்பாலும் அந்த வசதி இருப்பதில்லை என்பதால் அதன் பின்னால் ஒரு மைக்ரோடிக் ரவுட்டரை வைத்தேன். அதிலும் 20இலிருந்து 10க்கும், நிறுவனப் பெட்டியின் முகவரிக்கும் போவதைத் தடுக்கும் விதிகளை நாமே எழுத வேண்டும், ஏனெனில் இயல்பில் ரவுட்டர் தனக்குத் தெரிந்த எல்லா வலையமைப்புகளுக்கும் வழிகாட்டிவிடும். அந்த விதிகளை எழுதிய பிறகு மேலிருந்து பதிவுக் கருவியைத் தேடினேன், பக்கம் திறக்கவில்லை.

இரண்டு சுவிட்சுகளுக்கு மேல் நான் அமைத்ததில்லை, ஆதலால் பல மாடி அலுவலகத்துக்கு இதே அமைப்பைப் பரிந்துரைக்கத் துணியமாட்டேன். மேலே உங்களுக்கென ஒரு கருவியும் இல்லாத வீடாக இருந்தால், நீங்கள் உள்ளே, அவர்கள் வெளியே என்ற ஒழுங்கில் இரண்டாவது ரவுட்டரே போதும்.