பழைய கன்சோலின் தேதி: சிப்பைக் கேட்பதா, விளம்பரத்தைக் கேட்பதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வீடியோ கேம் கன்சோல் (டிவியோடு இணைத்து விளையாடும் பெட்டி) ஒன்று எந்த நாளில் கடைக்கு வந்தது என்று தேடுவதற்குக் காசு செலவழிப்பதாக இருந்தால், பழைய நாளிதழ்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் இணையத் தொகுப்பு ஒன்றுக்குச் சந்தா கட்டி, அதில் கடை விளம்பரங்களைத் தேடுங்கள். கன்சோலைத் திறந்து சிப்பைப் படிப்பது, பழைய கேம் இதழ்களை ஏலத்தில் வாங்குவது, நிறுவனம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வது எல்லாம் எனக்கு அதற்கு அடுத்தபடிதான்.

இந்த வேலை என் தலையில் விழுந்தது குன்னூரில். நண்பர் ஒருவர் தன் ஹோம்ஸ்டேயின் முன்னறையில் கண்ணாடி அலமாரி நிறையக் கன்சோல்களை அடுக்கி வைத்திருக்கிறார். வெலிங்டன் பக்கத்தில் இருப்பதில் அவருக்கு ஒரு வசதி. அங்குள்ள ராணுவக் கல்லூரியில் படிக்க வெளிநாட்டு அதிகாரிகளும் குடும்பத்தோடு வருகிறார்கள். ஊர் திரும்பும்போது சில சாமான்களை விற்றுவிட்டுப் போகிறார்கள். அப்படிக் கைமாறி வந்தவை அலமாரியில் நிறைய. ஒவ்வொன்றின் முன்னாலும் 'முதலில் விற்பனைக்கு வந்த நாள்' என்று ஓர் அட்டை வைக்க வேண்டும் என்றார். வருடம் மட்டும் போட்டால் போதாதா என்று கேட்டேன். போதாதாம்.

இணையப் பட்டியல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியவை அவை. அமெரிக்காவில் சூப்பர் நின்டெண்டோ வந்தது 1991 ஆகஸ்ட் 23 என்று ஒரு கூட்டம், செப்டம்பர் 9 என்று இன்னொரு கூட்டம். இரண்டு பக்கமும் பத்துப் பத்துத் தளங்களைக் காட்டலாம். ஆனால் அந்தப் பத்தும் ஒரே இடத்திலிருந்து எடுத்தவை என்றால் சாட்சி ஒன்றுதான்.

நிறுவனத்தின் அறிவிப்பு மட்டும் ஏன் போதாது என்பதற்குச் சேகா நிறுவனத்தின் சேட்டர்ன் கன்சோல் ஒன்றே போதும். அமெரிக்காவில் அது 1995 செப்டம்பர் 2, சனிக்கிழமை வரும் என்று சேகா சொல்லியிருந்தது. மே 11 அன்று இ3 என்ற வீடியோ கேம் கண்காட்சியின் மேடையில் ஏறி, சேட்டர்ன் ஏற்கெனவே கடைகளுக்குப் போய்விட்டது, விலை 399 டாலர் என்றார்கள். அதுவும் தேர்ந்தெடுத்த சில கடைகளுக்கு மட்டும். பழைய அறிவிப்பை வைத்து எழுதினால் ஏறத்தாழ நான்கு மாதம் தள்ளிப்போகும். கல்யாணப் பத்திரிகையில் அச்சிட்ட முகூர்த்தத்தை வைத்துத் தாலி கட்டிய நேரத்தைச் சொல்ல முடியாது, அந்தக் கதைதான்.

ஜப்பான் விஷயம் வேறு. அங்கே பெரும்பாலும் ஒரு தேதி குறித்து, நாடு முழுவதும் அன்றே விற்றார்கள். நின்டெண்டோவின் ஃபேமிகாமும் (அமெரிக்காவில் இதுதான் என்.இ.எஸ்.) சேகாவின் எஸ்ஜி-1000-உம் ஒரே நாளில், 1983 ஜூலை 15 அன்று வந்தன. மெகா டிரைவ் (அமெரிக்காவில் சேகா ஜெனிசிஸ்) 1988 அக்டோபர் 29, சூப்பர் ஃபேமிகாம் (அமெரிக்காவில் சூப்பர் நின்டெண்டோ) 1990 நவம்பர் 21, பிளேஸ்டேஷன் 1994 டிசம்பர் 3. இவற்றில் சண்டை குறைவு. அட்டையில் அப்படியே எழுதிவிட்டேன். ஜப்பானிய இதழ்களை நான் போன் கேமரா மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறேன், அதனால் அந்தப் பக்கம் என் சொல்லைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கத் தேதிகள்தான் தலைவலி. நகரம் நகரமாக விற்றுப் பார்க்கும் வழக்கம் அங்கே இருந்தது. நின்டெண்டோவின் என்.இ.எஸ். 1985 கடைசியில் நியூயார்க் வட்டாரத்தில் மட்டும் விற்பனைக்கு வந்தது. அடுத்து 1986 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ், அந்த வருடம் போகப்போகத்தான் நாடு முழுவதும். பட்டியல்களில் நிற்கும் 1985 அக்டோபர் 18 என்பது நியூயார்க் சோதனை விற்பனைக்கு உரிய தேதி. சிகாகோவில் இருந்த ஒரு பையனுக்கு அந்தத் தேதியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சரி, இப்போது முக்கியமான போட்டிக்கு வருகிறேன்: சிப்பா, விளம்பரமா?

சிப் பக்கம் பேசுபவர்களின் வாதம் வலுவானதுதான். பெரும்பாலான சிப்களின் முதுகில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். முதல் இரண்டு வருடம், அடுத்த இரண்டு வாரம். 8346 என்றால் 1983ஆம் வருடம் 46ஆவது வாரம். இதை யாரும் விளம்பரத்துக்காக அச்சிடவில்லை, ஞாபகத்திலிருந்து எழுதவுமில்லை. சர்க்யூட் போர்டில் உள்ள சிப்களின் எண்களை எல்லாம் குறித்துக்கொண்டு, அவற்றில் மிகவும் பிந்தியதை எடுத்தால், இந்தப் பெட்டி அதற்கு முன்னால் பூட்டப்படவில்லை என்று அடித்துச் சொல்லலாம். ரிப்பேரில் மாற்றிய சிப் இருக்கிறதா என்று மட்டும் ஈயப்பற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். போர்டிலோ லேபிளிலோ இருக்கும் பதிப்புரிமை (©) வருடத்தை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வடிவமைப்புக்கு உரிய வருடம் அது; அதே எண்ணோடு பல வருடங்கள் தயாரித்துக்கொண்டே இருப்பார்கள்.

செலவும் பெரிதில்லை. சூப்பர் நின்டெண்டோவைத் திறக்க 4.5 மில்லிமீட்டர் தனி வகை ஸ்க்ரூடிரைவர் பிட் வேண்டும், கேம் கேசட்டுக்கு 3.8. மற்றபடி ஆல்கஹால், பஞ்சு, சாய்த்துப் பிடிக்க ஒரு டார்ச். நம் மலையில் மட்டும் ஒரு தொல்லை: வருடத்தில் பாதி நாள் மூட்டமும் ஈரமும். உள்ளே இருக்கும் தகரக் கவசம் துருப்பிடித்து ஸ்க்ரூவோடு ஒட்டிக்கொள்கிறது. சமவெளியில் நிமிடங்களில் திறக்கிற பெட்டிக்கு இங்கே பாதி மாலை போய்விடும்.

ஆனால் சிப் எனக்கு ஒத்துவராததற்குக் காரணம் துரு இல்லை. சிப் ஒரு பக்கத்து எல்லையை மட்டும்தான் சொல்லும். 'இதற்கு முன்னால் இல்லை' என்பதற்கு மேல் அதற்கு வாய் கிடையாது. சிப் தயாராகி, போர்டில் ஏறி, பெட்டிக்குள் போய், கப்பலேறி, கிடங்கில் கிடந்து, கடைக்கு வருவதற்குள் எத்தனை மாதம் ஆனது என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதுவும் நம் கையில் இருப்பது முதல் நாள் விற்ற பெட்டியாக இருந்தால்தான் அந்த எல்லைக்கே அர்த்தம். அலமாரியில் இருக்கும் சூப்பர் நின்டெண்டோ 1993இல் செய்தது என்று சிப் சொல்கிறது. 1991இல் ஆகஸ்டா செப்டம்பரா என்ற வழக்கில் அது என்ன சாட்சி சொல்லும்?

கடை விளம்பரம் எதிர்ப் பக்கத்து எல்லையைத் தருகிறது. ஒரு கடை தன் பெயரையும் விலையையும் போட்டு, 'இப்போது கிடைக்கும்' என்று உள்ளூர் நாளிதழில் விளம்பரம் கொடுத்திருந்தால், அந்தத் தேதிக்குள் பெட்டி அந்த ஊருக்கு வந்துவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். வந்து கேட்கிற வாடிக்கையாளரிடம் இல்லையென்று கைவிரித்தால் கடைக்காரருக்குத்தான் அசிங்கம். நிறுவனத்தின் செய்திக்குறிப்புக்கு அந்தப் பயம் இல்லை. முதல் நாள் பெட்டி நம்மிடம் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இன்னொன்று, தேதியோடு ஊரும் கிடைக்கிறது. என்.இ.எஸ். போல நகரம் நகரமாக வந்த கன்சோலுக்கு, அல்லது 1989 ஆகஸ்ட் 14 அன்று நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் தொடங்கிப் பிறகு மற்ற ஊர்களுக்குப் போன சேகா ஜெனிசிஸுக்கு, ஊர் தெரியாத தேதி பாதித் தேதிதான். சிப்பில் வாரம் இருக்கும், ஊர் இருக்காது.

விளம்பரத்துக்கும் பலவீனம் உண்டு. அது சொல்வது 'இதற்குப் பின்னால் இல்லை' என்பது மட்டுமே. உண்மையான நாள் அதற்கு முன்னால் இருக்கலாம். நின்டெண்டோ 64-க்கு அமெரிக்காவில் குறித்த நாள் 1996 செப்டம்பர் 29, ஆனால் சில நாள் முன்னதாகவே கடைகள் விற்கத் தொடங்கிவிட்டன. அட்டாரி வி.சி.எஸ்ஸுக்கு (பின்னாளில் அட்டாரி 2600) பலரும் சொல்லும் 1977 செப்டம்பர் 11 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க நாளிதழ்களில் கடை விளம்பரங்கள் குவியும் நாள் அது. யாரோ ஒரு ஞாயிறு விளம்பரத்தைப் பார்த்து அதையே வெளியீட்டு நாளாக்கிவிட்டார்கள் என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே. அதனால் அட்டையில் 'செப்டம்பர் 1977' என்று நிறுத்திக்கொண்டேன்.

தேடுவதற்கும் கொஞ்சம் பழக வேண்டும். 1977 நாளிதழில் 'அட்டாரி 2600' என்று தேடினால் ஒன்றும் வராது. 1982 வரை அதற்குப் பெயர் வீடியோ கம்ப்யூட்டர் சிஸ்டம். சியர்ஸ் கடைகளில் அதே பெட்டி டெலி-கேம்ஸ் வீடியோ ஆர்கேட் என்ற பெயரில் விற்றது. ஸ்கேன் எழுத்துகளைக் கணினி தப்பும் தவறுமாகப் படிக்கும், அதனால் பெயரை விட்டு விலையைத் தேடுவது பல நேரம் பலன் தரும். சூப்பர் நின்டெண்டோவுக்கு 199.99 என்று போட்டுப் பாருங்கள். ஞாயிறு நாளிதழின் நடுவில் செருகித் தரும் தனித்தாள் விளம்பரங்கள் ஸ்கேனில் பெரும்பாலும் இருப்பதில்லை. எனவே ஒரு வாரத்தில் விளம்பரம் இல்லை என்பதால் அந்த வாரம் பெட்டி கடையில் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

கேம் இதழ்களை ஏன் பின்னால் தள்ளினேன் என்று கேட்டால், இரண்டு காரணம். இதழின் மேலட்டையில் போட்டிருக்கும் மாதம் அது கடைக்கு வந்த மாதம் அல்ல, பெரும்பாலும் அதற்கு முன்பே வந்துவிடும். உள்ளே இருக்கும் செய்தி அதற்கும் இரண்டு மூன்று மாதம் முன்னால் எழுதியது. 'அடுத்த மாதம் வருகிறது' என்று நம்பிக்கையோடு எழுதிய வரியைத்தான் பின்னால் வந்தவர்கள் 'வந்தது' என்று மாற்றிவிடுகிறார்கள். இரண்டாவது காரணம் குன்னூர்க் குளிர். வழவழப்புத் தாளில் ஒரு மழைக்காலத்துக்குள் பூஞ்சை ஏறிவிடும். பிறகு பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கேம் வரலாற்றைப் பாதுகாக்கும் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2025 ஜனவரியில் பழைய கேம் இதழ்களும் உள்ள தன் மின்னூலகத்தைத் திறந்த பிறகு, வாங்கிச் சேர்க்க வேண்டிய தேவையும் குறைந்துவிட்டது. அதை நிறுவிய பிராங்க் சிஃபால்டியே 2012இல் இந்தத் தேதிப் புதிரில் இறங்கி, சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேம் அமெரிக்காவில் எந்த நாளில் வந்தது என்பதை நிரூபிக்க முடியவில்லை என்று எழுதியவர்தான். கடைசியில் தெரியாது என்று எழுதத் துணிந்தவர் என்பதாலேயே அவர் மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

நீதிமன்ற ஆவணம் கிடைத்தால் அது தனி ரகம். மேக்னவாக்ஸ் நிறுவனம் தன் ஒடிசி கன்சோலை 1972 மே 24 அன்று கலிஃபோர்னியாவின் பர்லிங்கேமில் காட்சிக்கு வைத்தபோது பின்னாளில் அட்டாரியைத் தொடங்கிய நோலன் புஷ்னல் அங்கே போயிருந்தார். வருகைப் பதிவேட்டில் அவர் போட்ட கையெழுத்து, பின்னால் அட்டாரி மீது மேக்னவாக்ஸ் தொடுத்த காப்புரிமை வழக்கில் பெரிய விஷயமானது. ஆக, காட்சிக்கு வைத்த நாளுக்குச் சந்தேகமே இல்லை. விற்பனை தொடங்கியது அந்த வருடம் செப்டம்பரில். ஒடிசிக்கு மே என்றும் செப்டம்பர் என்றும் இரண்டு மாதங்கள் உலவுவது இதனால்தான். ஆனால் எல்லாக் கன்சோலுக்கும் வழக்கு நடக்கவில்லையே.

இதுவரை சொன்னது எதுவும் வேலைக்கு ஆகாத இடம் ஒன்று உண்டு: நம் ஊரில் உண்மையில் விளையாடிய பெட்டிகள். சாமுராய், மீடியா என்ற பெயர்களில் வந்த ஃபேமிகாம் நகல்களைத்தான் சொல்கிறேன். நகல் பெட்டிகள் பலவற்றைத் திறந்தால் போர்டின் நடுவில் ஒரு கருப்புப் பசைக் குமிழ் இருக்கும். சிப் அதற்குள் புதைந்திருப்பதால் எண் எதையும் படிக்க முடியாது. 1990களின் தமிழ் நாளிதழ் விளம்பரங்களைச் சொல் போட்டுத் தேடவும் வழியில்லை. நூலகத்தில் கட்டுக் கட்டாகப் புரட்டத்தான் வேண்டும். ஊட்டி நீலகிரி நூலகம் 19ஆம் நூற்றாண்டு நூல்களுக்குப் பெயர் போனது, வீடியோ கேம் விளம்பரத்துக்கு அல்ல.

அங்கே மனித ஞாபகம்தான் மிச்சம். ஞாபகத்தைத் தேதிக்கு நம்ப மாட்டேன், தேட வேண்டிய இடத்தைக் குறுக்கிக்கொள்ள நம்புவேன். 'எந்த வருஷம்?' என்று கேட்டால் வாய்க்கு வந்தது வரும். 'அப்போது வேறு என்ன நடந்தது?' என்று கேட்க வேண்டும். கொடைக்கானலில் இருக்கும் என் சித்தப்பாவிடம் அப்படித்தான் கேட்டேன். மணிக்கணக்கில் காசு வாங்கி வீடியோ கேம் ஆடவிட்ட கடை எப்போது திறந்தது என்பது அவருக்கு நினைவில்லை. 'குறிஞ்சி பூத்த வருஷம் அந்தக் கடை இருந்துச்சு, பூ பாக்க வந்த கூட்டம் அங்கேயும் நின்னுச்சுப்பா' என்றார். கொடையில் குறிஞ்சி பூத்தது 1994, 2006, 2018. அவர் சொல்வது 1994தான், வேறு வழியில்லை. சேகாவின் கருவிகளை ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்க வந்ததும் ஏறக்குறைய அந்தக் காலம்தான். நகல் பெட்டியின் அட்டையில் '1994 அல்லது அதற்கு முன்' என்று எழுதியிருக்கிறேன். நண்பருக்கு அதில் திருப்தி இல்லை. நாள் வேண்டுமாம்.

சந்தா எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வருடச் சந்தா தேவையில்லை. டாலரில் பிடிப்பதால் கார்டுக் கட்டணமும் மாற்று விகிதமும் சேர்ந்து கொஞ்சம் கடிக்கும். தேட வேண்டிய கன்சோல், ஊர், மாதம் எல்லாவற்றையும் முன்கூட்டியே பட்டியல் போட்டுக்கொண்டு ஒரு மாதச் சந்தா எடுத்தால் போதும். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றே நிறுத்திவிடுங்கள். விளம்பரத்தைப் படம் பிடிக்கும்போது நாளிதழின் பெயரும் தேதியும் இருக்கும் பக்கத்தின் மேற்பகுதியையும் சேர்த்துப் பிடியுங்கள். அது இல்லாத துண்டை யாரும் ஏற்க மாட்டார்கள். அந்த 4.5 பிட்டையும் வாங்கி வையுங்கள். விளம்பரம் பின்பக்கத்தை அடைத்தால் சிப் முன்பக்கத்தை அடைக்கும், விலையும் அதிகமில்லை.