ஸ்க்ரப் டைஃபஸ் ஐஜிஎம் கார்டு: வாங்கலாம், காய்ச்சல் நாளை எண்ணத் தெரிந்தால்

ஸ்க்ரப் டைஃபஸ் என்ற பாக்டீரியா காய்ச்சலுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் உடனடிச் சோதனைக் கார்டு இது. எலைசா என்ற ஆய்வகச் சோதனையின் முடிவைப் படிக்கும் கருவி (ரீடர்) இல்லாத சிறிய ஆய்வகத்துக்கு இந்தக் கார்டு கைகொடுக்கும். சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்), பஃபர் (கார்டில் விடும் கரைசல்), ஒரு கடிகாரம் போதும். கால் மணி நேரத்தில் பதில். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். குறைத்த ஒன்றரையில் பெரும்பங்கு கார்டின் குற்றமல்ல, காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று பார்க்காமல் ரத்தம் எடுப்பவர்களின் குற்றம்.

தமிழில் இந்த நோயை உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெயரே பாதிக் குழப்பம். நாய், மாட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணி இதைப் பரப்புவதில்லை. புதரிலும் புல்லிலும் இருக்கும் லெப்டோட்ரோம்பிடியம் என்ற சிலந்திப்பேனின் குஞ்சு கடித்துத்தான் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி பாக்டீரியா உடம்புக்குள் போகிறது. அது மணல் துகளைவிடச் சின்னது, கடித்த சுவடும் அப்போது தெரியாது. 'உண்ணி எதுவும் கடிக்கலையே' என்று நோயாளி சொல்வதைக் கேட்டு டெஸ்ட் எழுதாமல் விட்டால் ஏமாந்துபோவோம்.

கார்டு தேடுவது கிருமியை அல்ல. கிருமியின் 56 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) மேற்புரதத்தைச் செயற்கையாகத் தயாரித்து உள்ளே வைத்திருக்கிறார்கள். அதற்கு எதிரான ஐஜிஎம் சீரத்தில் இருந்தால் 'டி' (டெஸ்ட்) இடத்தில் கோடு விழும். அந்த ஐஜிஎம் போதிய அளவு சேர முதல் வாரம் முடிய வேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சலில் வரும் நெகட்டிவ் எதையும் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கார்ப், கேட்டோ, கில்லியம் என்று கிருமியின் வகைக்கு வகை இந்தப் புரதம் மாறும். ஒரே ஒரு வகையை மட்டும் வைத்த கார்டு மற்றதைக் கோட்டைவிடலாம். வாங்கும்முன் உள்ளே இருக்கும் தாளில் எந்தெந்த வகை என்று படித்துவிடுங்கள். ஐஜிஜியையும் (நோய் போன பிறகும் நெடுநாள் தங்கும் எதிர்ப்புப் புரதம்) சேர்த்து ஒரே கோட்டில் காட்டும் கார்டு, இந்த நோய் அதிகமுள்ள இடங்களுக்கு ஆகாது; என்றோ வந்துபோன காய்ச்சலுக்கும் கோடு போட்டுவிடும்.

வேலை எளிது, கெடுவது இன்னும் எளிது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பையை அறை வெப்பத்துக்கு வந்த பிறகே பிரியுங்கள். குளிரோடு பிரித்தால் கார்டுக்குள் இருக்கும் பட்டையில் ஈரம் பூத்து ஓட்டம் தடுமாறும். சீரம் எத்தனை மைக்ரோலிட்டர், பஃபர் எத்தனை சொட்டு என்பது கிட்டுக்குக் கிட்டு வேறு. பழைய கிட்டின் மிச்ச பஃபரைப் புதிய கார்டில் விடவே கூடாது. சீரம் கூடினால் பட்டை சிவந்து கோடு மங்கும். சிவப்பணு உடைந்த ரத்தத்திலும் அதே தொல்லை. குறித்த நேரத்துக்குள் விழும் கோடு எவ்வளவு வெளிறியிருந்தாலும் பாசிட்டிவ். நேரம் தாண்டி எட்டிப்பார்க்கும் கோட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கார்டு ஒழுங்காக வேலை செய்ததைக் காட்டும் 'சி' (கண்ட்ரோல்) கோடு வரவில்லையா, கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

வெயில்-ஃபெலிக்ஸ் என்ற பழைய ரத்தச் சோதனையோடு ஒப்பிட்டால் கார்டு எவ்வளவோ மேல். அதில் பார்க்கும் ஓஎக்ஸ்-கே திரட்சி (வேறொரு பாக்டீரியா நோயாளியின் சீரத்தோடு கட்டிப்படுவது) பல நோயாளிகளைத் தவறவிடும். ஐஜிஎம் எலைசா கார்டைவிட நம்பகம், ஆனால் பல மாதிரிகளை ஒரே தட்டில் சேர்த்துச் செய்வதால், பல ஆய்வகங்களில் தட்டு நிரம்பும்வரை மாதிரி காத்துக் கிடக்கும். முதல் வாரத்திலேயே பதில் வேண்டுமென்றால் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர்தான். கடித்த இடத்தில் வரும் புண்ணின் பொருக்கு கிடைத்தால் அதையே அனுப்பலாம். பாசிட்டிவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஐஜிஎம் மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். போன பருவத்தில் இந்த நோய் வந்தவருக்கு இப்போது டெங்கு என்றாலும் கோடு விழலாம்.

கார்டு போடும்முன் செலவில்லாத ஒரு சோதனை உண்டு: நோயாளியின் உடையைத் தளர்த்தி முழு உடம்பையும் பார்ப்பது. அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடி, இடுப்பில் நாடா இறுகும் இடம், காதின் பின்புறம். சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளி அதைச் சொல்லவே மாட்டார். வியர்வை தேங்கும் இடத்தில் பொருக்கு கறுக்காமல், மஞ்சள் அடி தெரியும் சிறு புண்ணாக இருக்கும். அங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். எல்லோருக்கும் இந்தப் புண் வராது, ஆனால் காய்ச்சலோடு இதைப் பார்த்துவிட்டால் கார்டு நெகட்டிவ் என்றாலும் மருத்துவர் மருந்தைத் தொடங்கலாம்.

பெரியவர்களுக்கு வழக்கமாக டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். பென்சிலின், செஃபலோஸ்போரின் ஊசிகளுக்கு இந்தக் கிருமி அசையாது. டாக்ஸிசைக்ளின் தொடங்கினால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். இறங்காவிட்டால், கார்டில் பளிச்சென்று கோடு இருந்தாலும், வேறு காரணத்தைத் தேடத் தொடங்குங்கள்.