பாரிஸ் நவிகோ வாரப் பாஸ்: கிழமை பார்த்து வாங்குங்கள்

பாரிஸ் வட்டார மெட்ரோ, ரயில், பஸ், விமான நிலையப் பயணம் எல்லாவற்றுக்கும் செல்லும் நவிகோ வாரப் பாஸ் (2025-இல் 31.60 யூரோ; இங்கே வரும் எல்லா விலையும் அந்த ஆண்டுடையது) நல்ல சரக்குதான். ஆனால் அது வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் ஓடாது. திங்கள் காலை தொடங்கி ஞாயிறு இரவோடு முடிந்துவிடும். நடப்பு வாரத்துக்கான பாஸை வியாழன் வரைதான் தருவார்கள். வெள்ளியன்று கேட்டால் அடுத்த வாரத்துக்கானதுதான் கிடைக்கும். வெள்ளிக்கிழமை இறங்கி, நாலு நாள் சுற்றிவிட்டுக் கிளம்புகிறவருக்கு இது உதவாது.

திங்களன்று இறங்கி ஞாயிறு திரும்புகிறவர் கணக்கு வேறு. சார்ல் த கோல் விமான நிலையத்துக்குத் தனி டிக்கெட் 13 யூரோ. போக வர 26. அதன்மேல் 2.50 வீதம் மூன்றே மெட்ரோ பயணம் போனாலும் 33.50 ஆகிவிடும். வியாழனன்று இறங்கினாலும் விமான நிலையத்திலிருந்து வர 13, ஞாயிறுக்குள் எட்டுப் பயணம் 20, மொத்தம் 33. பாஸ் அப்போதும் மலிவு.

2025 ஜனவரியில் வந்த மாற்றத்துக்குப் பிறகு பாஸின் மவுசு சற்றுக் குறைந்திருக்கிறது. வெர்சாய், டிஸ்னிலாந்து எங்கே போனாலும் அதே 2.50 யூரோ டிக்கெட்தான். விமான நிலையம் மட்டும் விலக்கு. முன்பு தூரத்துக்குத் தகுந்தபடி கூடியதால் பாஸ் கட்டாயம் போலிருந்தது. இப்போது குறைவாகச் சுற்றுகிறவருக்கு 2 யூரோ விலையுள்ள நவிகோ ஈஸி கார்டில் டிக்கெட் ஏற்றிக்கொள்வதே போதும்.

ஈஸி கார்டில் சறுக்கும் இடங்கள் மூன்று. ஒரு கார்டை இருவர் சேர்ந்து பயன்படுத்த முடியாது, குடும்பத்தில் ஆளுக்கொன்று வேண்டும். மெட்ரோ டிக்கெட்டும் விமான நிலைய டிக்கெட்டும் ஒரே கார்டில் ஒரே நேரத்தில் ஏறாது. மெட்ரோ டிக்கெட் மிச்சம் இருந்தால் விமான நிலையத்துக்கு இன்னொரு கார்டு. மெட்ரோவிலிருந்து இறங்கிப் பஸ் ஏறினால் டிக்கெட் தொடராது, பஸ்ஸுக்குத் தனியாக 2 யூரோ. பாஸ் இருந்தால் இந்த மூன்று தொல்லையும் இல்லை.

வாரப் பாஸை ஈஸி கார்டில் ஏற்ற முடியாது. அதற்கு 5 யூரோ கொடுத்து நவிகோ தெகுவேர்த் கார்டு வாங்க வேண்டும், அல்லது போனில் செயலி வழியாக ஏற்ற வேண்டும். கார்டு என்றால் அதில் ஒட்ட உங்கள் படம் வேண்டும்: 25 மி.மீ. அகலம், 30 மி.மீ. உயரம். நம் 35×45 பாஸ்போர்ட் படத்தை அங்கே நின்று கத்தரித்தால் தாடை போய்விடும். ஊரிலேயே சின்ன அளவில் அச்சடித்துக்கொண்டு போவது நல்லது. கார்டில் பெயர், கையெழுத்து, படம் மூன்றும் இல்லாமல் ரயில் ஏறினால் பரிசோதகரிடம் அபராதம் கட்ட வேண்டி வரும். பணம் கட்டிய பாஸ் கையில் இருக்கிறதே என்ற வாதம் அங்கே எடுபடாது.

பாரிஸ் விசித் என்ற சுற்றுலாப் பாஸை யோசிக்கவே வேண்டாம். விமான நிலையம் சேர்ந்த ஐந்து நாள் பாஸ் வாரப் பாஸைப் போல் இருமடங்குக்கும் மேல். சில இடங்களில் நுழைவுக் கட்டணத் தள்ளுபடி உண்டு, அது வித்தியாசத்தை ஈடுகட்டாது. வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் இருப்பவருக்கு 12 யூரோ ஒருநாள் பாஸ் ஒரு வழி. ஒரே நாளில் ஐந்து முறை ஏறினால்தான் லாபம். விமான நிலையப் பயணத்துக்குச் செல்லாது.

பெரிய பெட்டியோடு வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய மெட்ரோ நிலையங்களில் பெரும்பாலும் படிக்கட்டுதான். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதிக்குப் போகிறவர்கள் சார்ல் த கோலிலிருந்து ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயிலில் கார் து நோர் நிலையம் வந்து, அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.