விஏ அப்பீல்: மூன்று வழியில் எது தேறும்?

அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையான விஏ, டிசபிலிட்டி க்ளெய்மை (பணியால் வந்த உடல் பாதிப்புக்குப் பணம் கேட்கும் மனுவை) நிராகரித்தால், மேலே போக மூன்று வழி உண்டு. 2019 பிப்ரவரி 19-இல் வந்த இந்த ஏற்பாடு பழைய ஒற்றை வரிசையைவிட எவ்வளவோ மேல். ஆனால் வழியைத் தேர்ந்தெடுப்பது நம் தலையில். பலர் சறுக்குவது அங்கேதான்.

முதலில் நிராகரிப்புக் கடிதத்தைப் படியுங்கள். இன்றைய நோய், பணிக்காலத்தில் நடந்த சம்பவம், இரண்டையும் இணைக்கும் மருத்துவக் கருத்து (நெக்ஸஸ்): இதில் எது இல்லை என்கிறார்கள்? சாதகமாக ஏற்றவற்றையும் கடிதத்திலேயே தனியாகக் குறித்திருப்பார்கள். அதை மறுபடி நிரூபிக்க மெனக்கெட வேண்டாம்.

ஆதாரம் போதவில்லை என்றால் சப்ளிமென்டல் க்ளெய்ம், படிவம் 20-0995. புதிதாகவும் பொருத்தமாகவும் ஒரு ஆதாரமாவது வேண்டும். டாக்டர் கடிதத்தில் 'இருக்கலாம்' என்று எழுதினால் ஊகம் என்று ஒதுக்கிவிடுவார்கள். பணியால் வந்திருக்கக் குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று சொல்லி, பணிக்கால மருத்துவப் பதிவைப் பார்த்ததையும் காரணத்தையும் எழுத வேண்டும். காரணமில்லாத ஒருவரிக் கடிதத்துக்குப் பணம் கொடுப்பது வீண்.

ஃபைலில் எல்லாம் இருந்தும் அவர்கள் கோட்டைவிட்டிருந்தால் ஹையர் லெவல் ரிவ்யூ (மூத்த அதிகாரி அதே ஃபைலை மறுபடி பார்ப்பது), படிவம் 20-0996. புதுக் காகிதம் ஒன்றுகூட ஏற்கமாட்டார்கள். உதாரணமாக, முழங்கால் பாதிப்பு ஏற்கெனவே ஏற்கப்பட்டது. நொண்டி நடந்து நடந்து இடுப்பும் போனது. விஏ பரிசோதகர் 'முழங்காலால் இடுப்புநோய் வரவில்லை' என்று மட்டும் எழுதி, அதனால் மோசமானதா என்பதைத் தொடவே இல்லை. அந்த அறிக்கை அரைகுறை. கேட்டால் ஒருமுறை ஃபோனில் பேசவும் வாய்ப்பு தருவார்கள். அப்போது கஷ்டங்களைச் சொல்லி நேரத்தைக் கழிக்காமல் இந்த ஓட்டையை மட்டும் காட்டுங்கள். இந்த ரிவ்யூவிலும் தோற்றால், அந்த முடிவின் மேல் இன்னொரு ரிவ்யூ கேட்க முடியாது.

மூன்றாவது போர்டு, அதாவது விஏவின் அப்பீல் வாரியம், படிவம் 10182. சட்ட நீதிபதி பார்ப்பார். தரம் நல்லது, வேகம் படுமோசம். ஆதாரம் சேர்க்கும் வரிசையை எடுத்தால் அதற்கு 90 நாள்தான். விசாரணை கேட்டால் காத்திருப்பு இன்னும் நீளும். அங்கேயும் தோற்றால் 120 நாளுக்குள் முன்னாள் படைவீரர் அப்பீல் நீதிமன்றம் போகலாம்.

கடிதத் தேதியிலிருந்து ஒரு வருடம்தான் கெடு. சப்ளிமென்டலை அதற்குப் பிறகும் போடலாம், ஆனால் பணம் கணக்கிடத் தொடங்கும் பழைய தேதி போய்விடும், அரியர்ஸும் அதோடு போகும்.

விஏவில் இந்த மூன்று வழிக்கும் கட்டணம் இல்லை. அங்கீகாரம் பெற்ற படைவீரர் அமைப்புகள் இலவசமாகவே வாதாடும். வக்கீல் வைத்தால் அரியர்ஸில் 20 சதவீதம் வரை நியாயமான கட்டணம் என்று விஏ எடுத்துக்கொள்கிறது. விஏ அங்கீகாரம் இல்லாமல் 'கன்சல்டன்ட்' என்று வருபவரிடம் கையெழுத்தே போடாதீர்கள்.

பெரிய குறை ஒன்று: விஏ பரிசோதகரின் அறிக்கையைக் கடிதத்தோடு அனுப்புவதில்லை. ஓட்டை இருப்பதோ அதில்தான். படிவம் 20-10206-இல் கேட்டு வாங்க வேண்டும். வர நாளாகும், அதனால் கடிதம் கைக்கு வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.