பேச்சு தாமதமான குழந்தையும் அரசு மருத்துவமனையும்

இம்முறை தென்காசிக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்குச் சென்றிருந்தபோது, தம்பியின் மகனை அரசு மருத்துவமனையில், வளர்ச்சியில் தாமதமுள்ள குழந்தைகளைப் பரிசோதித்துப் பயிற்சியளிக்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்திற்கு அழைத்துச் சென்றோம். இரண்டு வயது நிறைந்தும் அவன் ஒரு சொல்கூடப் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் விரலால் சுட்டிக் காட்டாமல், அம்மாவின் கையைப் பிடித்துக் குடத்தருகே இழுத்துச் செல்வான். "அவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்", "நாக்குல வசம்பு தடவுங்க" என்று பெரியவர்கள் அன்போடு சொன்ன ஆறுதலிலேயே மாதங்கள் கழிந்திருந்தன.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. ஐயமுள்ளவர்களை இம்மையங்களுக்கு அனுப்புகின்றன. எங்கள் பிள்ளை அங்கன்வாடிக்குச் செல்லாததால் அந்தக் கண்களில் படவில்லை. வசதியுள்ள வீடுகளிலும் இந்த இடைவெளி இருப்பது எனக்குக் கவலை தருகிறது.

மையத்தைக் கண்டுபிடிக்கப் பல வாசல்களில் விசாரிக்க வேண்டியிருந்தது, காத்திருப்பும் நீண்டது. ஆனால் உள்ளே நடந்த பரிசோதனை நிதானமானது, கட்டணமும் இல்லை. பேச்சுப் பயிற்சியாளர் பின்புறமிருந்து மணியடித்துப் பார்த்தார். சோப்புக் குமிழி ஊதிவிட்டு, அவன் மறுபடி கேட்டு முகம் பார்க்கிறானா என்று பொறுமையாகக் காத்திருந்தார். பேச்சு தாமதமானால் முதலில் செவித்திறனை உறுதிசெய்ய வேண்டும் என்று சொல்லி, ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் காட்டும் எதிர்வினையை அளக்கும் ‘பெரா’ (BERA) பரிசோதனைக்கு நாள் குறித்தார். குழந்தை உறங்கும்போது எடுக்கும் சோதனை என்பதால், அன்று காலையில் தூங்கவிடாமல் அழைத்து வரச் சொன்னார்.

ஒன்பது மாதத்தில் பிடிமானமின்றி உட்காராவிட்டாலும், ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிட்டாலும், ஒன்றரை வயதில் நடக்காவிட்டாலும், இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பேசிய சொற்களோ கற்ற பழக்கங்களோ மறைந்துபோனால், எந்த வயதாயினும் உடனே செல்ல வேண்டும். நோயின் பெயர் உறுதியாகும்வரை பயிற்சியைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

பயிற்சிக்காக வாரந்தோறும் மையத்திற்குப் பேருந்து மாறி வருவதுதான் தாய்மார்களுக்குப் பெரும் சிரமம். 1981 முதல் தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில் இயங்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனமான அமர் சேவா சங்கம் கிராமங்களுக்கே பணியாளர்களை அனுப்பி, பெற்றோருக்கு வீட்டிலேயே பயிற்சி கற்றுத் தருகிறது. தம்பி மனைவி அங்கும் பதிவு செய்திருக்கிறார்.