ஆன்லைன் டி.என்.பி., பகுதிநேர பி.எச்டி., என்.பி.சி.சி.: வேலூர் நர்ஸுக்கு எது உதவும்?

எம்.எஸ்சி. நர்சிங் முடித்து நாலைந்து வருஷம் வார்டில் நின்றவர்களின் போனுக்கு அடிக்கடி வரும் விளம்பரம்: 'வேலையை விடாமல், வீட்டிலிருந்தே டாக்டர் பட்டம்.' இந்த வாசகத்துக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத படிப்புகள் அடைந்து கிடக்கின்றன. முதலில் ஒன்றைக் கழித்துவிடலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கைகோத்து இங்குள்ள எட்டெக் (ஆன்லைன் கல்வி) கம்பெனிகள் விற்கும் ஆன்லைன் பி.எச்டி. செல்லாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரிலேயே சேர்ந்து அறிவித்துவிட்டன. அதற்குக் கட்டும் பணம் போனது போனதுதான்.

மிச்சம் மூன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் டி.என்.பி., அதாவது நர்சிங் செயல்முறை முனைவர் பட்டம். நம் ஊர் பகுதிநேர பி.எச்டி. முனைவர் பட்டம் இல்லாவிட்டாலும் இதே மனக்கணக்கில் வந்து நிற்கும் என்.பி.சி.சி., அதாவது தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் (கூடுதல் பயிற்சி பெற்று சிகிச்சைப் பொறுப்பும் ஏற்கும் நர்ஸ்) படிப்பு.

ஒரே புண், இரண்டு கேள்வி

டி.என்.பி.க்கும் பி.எச்டி.க்கும் உள்ள வித்தியாசம் ஒரு படுக்கைப்புண்ணை வைத்துப் பார்த்தால் சட்டென்று விளங்கும். ஐ.சி.யூ.வில் படுக்கைப்புண் வரும் அபாயத்தை அளக்க ப்ரேடன் ஸ்கேல் போடுகிறோம். ஆறு அம்சங்கள், மொத்த மதிப்பெண் 6 முதல் 23 வரை. 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் அபாயம் என்று எடுத்துக்கொள்கிறோம். பி.எச்டி. மாணவி அந்த 18-ஐயே கேள்வி கேட்பார். நம் நோயாளிகளுக்கு இந்த வெட்டுப்புள்ளி பொருந்துகிறதா? அதற்கு மாதிரி அளவு கணக்கிட வேண்டும், எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டும், வருஷக்கணக்கில் தரவு சேர்க்க வேண்டும். கடைசியில் கையில் இருப்பது இதுவரை யாருக்கும் தெரியாத ஒரு விஷயம்.

டி.என்.பி. மாணவி ஸ்கேலோடு சண்டைக்குப் போகமாட்டார். ஏற்கெனவே நிரூபணமானதை எடுத்துக்கொள்வார்: அட்மிஷன் ஆனதும் ஸ்கோர், இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைப்பது, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கிவைப்பது. இவற்றை ஒரே வார்டில் அமல்படுத்தி, வாராவாரம் புண்களை எண்ணி, அந்த எண்களை வரிசையாகப் புள்ளிவைத்துக் காட்டும் ரன் சார்ட் வரைவார். இடைநிலைக் கோட்டுக்கு ஒரே பக்கமாக ஆறு புள்ளிகளாவது தொடர்ந்து விழுந்தால்தான் மாற்றம் தற்செயல் அல்ல என்று சொல்ல முடியும். ஆகவே நாலு வாரத்து புராஜெக்ட் என்பது வெறும் பேச்சு. முன்னால் 12 வாரம், பின்னால் 12 வாரம் என்று வைத்துக்கொண்டால்தான் படம் தெளியும்.

இதில் வழக்கமாகச் சறுக்கும் இடம் இரண்டு. புராஜெக்ட் தொடங்கிய முதல் வாரங்களில் புண் எண்ணிக்கை ஏறும். புண் கூடியிருக்காது, அதுவரை முதுகைத் திருப்பிப் பார்க்காதவர்கள் இப்போது பார்க்கிறார்கள், அவ்வளவுதான். இதைத் தவிர்க்க, அமல்படுத்துவதற்கு முந்தைய 12 வாரமும் அதே இரண்டு பேர் அதே முறையில் தோலைச் சோதித்திருக்க வேண்டும். இரண்டாவது, புரட்டிய நேரம் குறிக்கும் சார்ட். ஷிஃப்ட் முழுவதற்குமான கட்டங்களும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், எல்லாமே சரியாக இரட்டைப்படை மணியில் நிரம்பியிருந்தால் அது டியூட்டி முடியும்போது உட்கார்ந்து எழுதியது. அந்தத் தாளை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

ஆன்லைன் என்பது எவ்வளவு தூரம்?

டி.என்.பி.யில் பாடம்தான் ஆன்லைன். பயிற்சி மணிநேரத்தை நேரில் நின்றுதான் முடிக்க வேண்டும். பி.எஸ்சி.க்குப் பிறகு 1,000 மணி என்பது 2006-ல் அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் சங்கம் வைத்த அளவு. 2021-ல் அது திறன் அடிப்படைக்கு மாறி, குறைந்தபட்சம் 500 என்று வந்தாலும் 1,000 கேட்கும் கல்லூரிகள் இன்னும் உண்டு. உங்கள் எம்.எஸ்சி.யில் மேற்பார்வையில் செய்த மணிநேரத்தைக் கழித்துக்கொள்வார்கள், ஆனால் கல்லூரி முதல்வரின் கையெழுத்தோடு எண்ணாக எழுதிய கடிதம் வேண்டும். ஸ்டாஃப் நர்ஸாக ஓடிய டியூட்டி பொதுவாகக் கணக்கில் வராது. 500 கழிந்தால் மீதி 500. வாரம் 8 மணி ஒதுக்கினால் ஒரு வருஷத்தைத் தாண்டி பத்து வாரம் இழுக்கும்.

அதைவிடப் பெரிய முடிச்சு லைசென்ஸ். பெரும்பாலான ஆன்லைன் டி.என்.பி.க்கள் ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலத்தின் ஆர்.என். (பதிவுபெற்ற நர்ஸ்) லைசென்ஸ் நடப்பில் இருக்க வேண்டும் என்கின்றன. அதற்கு என்கிளெக்ஸ் என்னும் அமெரிக்க நர்சிங் லைசென்ஸ் தேர்வு எழுத வேண்டும். சென்னையிலேயே மையம் இருக்கிறது. ஆனால் லைசென்ஸ் வாங்கியும் வேலூரில் உட்கார்ந்தே பயிற்சி மணிநேரத்தை முடிக்க விடுவார்களா என்பது தனிக் கேள்வி. எந்தெந்த மாநிலத்தில் மாணவரை வைத்துக்கொள்ளலாம் என்று கல்லூரிகளுக்கு அனுமதிப் பட்டியல் உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவரைச் சேர்க்காத கல்லூரிகள் நிறைய. படிப்பைக் காட்டி விசா வாங்கவும் வழியில்லை. எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவருக்கு ஒரு பருவத்தில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம், அதிகபட்சம் மூன்று கிரெடிட்தான் முழுநேரப் படிப்பின் கணக்கில் சேரும்.

நேரடி வகுப்பு இருந்தால் கடிகாரத்தையும் பாருங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 7 மணி என்றால் நமக்குக் கோடையில் விடிகாலை 4.30, நவம்பர் முதல் மார்ச் வரை 5.30. நைட் டியூட்டி வாரத்தில் அது மருந்து கொடுக்கும் நேரத்தோடு மோதும்.

இன்னொரு தவறான எண்ணம்: தலைமைத்துவப் பிரிவில் டி.என்.பி. முடித்தால் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகிவிடலாம் என்பது. ஆக முடியாது. அதற்கு அந்தப் பிரிவிலேயே படித்து, சான்றிதழ் தேர்வும் எழுத வேண்டும். 2015-க்குள் டி.என்.பி.யைக் கட்டாயமாக்கலாம் என்று 2004-ல் பேசினார்கள், நடக்கவில்லை. பிராக்டிஷனர் வேலைக்கு இன்றும் முதுகலை போதும். மயக்கவியல் நர்ஸ் படிப்பில் மட்டும் 2022 முதல் புதிதாகச் சேருவோர் எல்லோருக்கும் முனைவர் நிலை கட்டாயம்.

செலவு கிரெடிட் கணக்கில் ஓடும். உதாரணத்துக்கு 36 கிரெடிட், ஒன்று 800 டாலர் என்றால் 28,800 டாலர். டாலர் 90 ரூபாய் என்று போட்டால் 25,92,000 ரூபாய். இதற்கு மேல் பருவக் கட்டணம், நேரில் வரச்சொல்லும் நாட்களுக்கான பயணம். புராஜெக்ட் இழுத்தால் கூடுதல் பருவத்துக்கும் கட்டணம். விளம்பரத்தில் இந்தக் கடைசி வரி மட்டும் இருக்காது.

நம் ஊர் பி.எச்டி.

2022 யுஜிசி விதிப்படி முதுகலையில் 55 சதவீதம், நுழைவுத் தேர்வு, நேர்முகம். பகுதிநேரமாகச் சேர வேலை கொடுப்பவரின் தடையின்மைச் சான்று வேண்டும். கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட். காலம் மூன்று முதல் ஆறு வருஷம். பெண்களுக்கு மேலும் இரண்டு வருஷம் சலுகை, 240 நாள் மகப்பேறு விடுப்பு. ஆய்வேட்டில் மற்றவர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தச் சொல்வார்கள்.

உண்மையான தட்டுப்பாடு கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி. ஒரு பேராசிரியர் எட்டுப் பேர், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நாலு, அதற்குமேல் எடுக்க முடியாது. 1909-ல் நர்சிங் பள்ளியும் 1946-ல் நர்சிங் பட்டப்படிப்பும் தொடங்கிய ஊர் வேலூர். முனைவர் முடித்த ஆசிரியர்களைத் தேடி ரொம்ப தூரம் அலைய வேண்டாம். ஆனாலும் இடம் காலியா என்று முதலில் கேளுங்கள், விண்ணப்பம் அப்புறம்.

தலைப்பு எடுக்கும்போது வேலூருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. இங்கே வருபவர்களில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி வருபவர்கள் ஏராளம். தமிழில் மட்டும் கேள்வித்தாள் வைத்தால் பாதி வார்டு கைநழுவும். பெங்காலியிலும் இந்தியிலும் மொழிபெயர்த்து, வேறு ஒருவரை வைத்துத் திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்க்க மாதங்கள் ஆகும். 'டிஸ்சார்ஜ் ஆகி மூன்று மாதம் கழித்து நேரில் பரிசோதனை' என்று திட்டம் போட்டால், அவர்கள் காட்பாடியில் ரயில் ஏறியதும் ஆய்வும் கூடவே போய்விடும். முடிவை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அளக்கும்படியோ போனில் கேட்கும்படியோ அமைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மாதம் 12 பேர்தான் தேறுவார்கள் என்றால் 240 பேருக்கு 20 மாதம். சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதும் முன்பே இந்தக் கணக்கைப் போடுங்கள்.

என்.பி.சி.சி.

இரண்டு வருஷம், முழுநேர ரெசிடென்சி, முதுகலைப் பட்டம். பி.எஸ்சி. நர்சிங்கோடு ஒரு வருஷ அனுபவம் வேண்டும், ஐ.சி.யூ. என்றால் நல்லது. வேலையில் இருந்துகொண்டே படிக்க முடியாது. வென்டிலேட்டர் பக்கத்தில் கைத்திறன் கூட வேண்டும் என்றால் மூன்றில் இதுதான். ஆனால் முடித்தபின் அந்தப் பதவி உங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறதா, இல்லை பழைய ஸ்டாஃப் நர்ஸ் சம்பள ஸ்கேலுக்கே திரும்ப வேண்டுமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

எங்கள் கணிப்பு நேரானது. அமெரிக்காவில் லைசென்ஸோடு வேலையில் இருப்பவருக்கு, அல்லது விசா கையில் வந்துவிட்டவருக்கு ஆன்லைன் டி.என்.பி. கச்சிதம். வேலூரிலோ ராணிப்பேட்டையிலோ கல்லூரியில் பாடம் எடுத்து முதல்வர் வரை போக நினைப்பவருக்கு அது வேண்டாம். இந்திய நர்சிங் கவுன்சில் விதியில் முதல்வருக்கு விரும்பத்தக்கது என்று எழுதியிருப்பது பி.எச்டி.யை. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு யுஜிசி 2025-ல் கொண்டுவந்த சமநிலை விதியும் நர்சிங் போன்ற கவுன்சில் படிப்புகளைச் சேர்க்கவில்லை.

அப்படியும் டி.என்.பி.தான் என்றால், பணம் கட்டும் முன் அட்மிஷன் அலுவலகத்துக்கு மெயிலில் நாலே கேள்வி. இந்தியாவில் வசிப்பவரைச் சேர்ப்பீர்களா? பயிற்சி மணிநேரத்தை வேலூர் ஆஸ்பத்திரியில் முடிக்கலாமா, ஒப்பந்தத்தில் யார் கையெழுத்திடுவார்கள்? என் எம்.எஸ்சி. மணிநேரத்தில் எத்தனை கழியும்? புராஜெக்ட் ஒரு பருவம் தள்ளிப்போனால் எவ்வளவு கட்ட வேண்டும்? போனில் 'பார்த்துக்கலாம் மேடம்' என்று சொன்னால், அதையே மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.