காக்கர் ஸ்பேனியலா, லேப்ரடாரா? பெங்களூரு ஃபிளாட்டுக்கு எது?

அல்சூர் பக்கம் நாய் வளர்க்க நினைக்கும் நம்மாட்கள் அடிக்கடி கேட்பது இது.

எடை: இங்கிலீஷ் காக்கர் 12–15 கிலோ, லேப் 25–36. லிஃப்ட், ஆட்டோவுக்குக் காக்கர்தான் வசதி.

குணம்: இரண்டும் பாசக்கார ஜீவன்கள். புதரிலிருந்து பறவைகளைக் கிளப்ப வளர்க்கப்பட்ட காக்கர், மோப்பம் பிடித்துவிட்டால் கூப்பிட்டாலும் திரும்பாது. அதட்டினால் சுருண்டுவிடும், தனியே விட்டால் ஏங்கும். லேப் புதியவர்களிடமும் ஒட்டிக்கொள்ளும்.

பராமரிப்பு: காக்கர் நிறையவே வேலை வாங்கும். தினமும் சீப்பு, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை முடிவெட்டு. தொங்கும் காதுக்குள் காற்று புகாது; மழைக்காலத்தில் ஈரம் தங்கிவிடும். புளித்த வாடையோ பழுப்பு அழுக்கோ தெரிந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். லேப்புக்கு முடி கொட்டும். தீனி கூடினால் குண்டாகும், இடுப்பு மூட்டுக்கு ஆகாது.

வீட்டில் எப்போதும் ஆள் இருந்து, சீப்பெடுக்கப் பொறுமையும் இருந்தால் காக்கர். காலையில் நீண்ட நடை போகிற வீட்டுக்கு லேப்.